தெரியலன்னா தெரியலன்னு சொல்லு



மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். கவிதை எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அதனால் நான் செய்த ஒரு தவற்றை எழுதுகிறேன். புராஜெக்ட் செய்யப்போகும் ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு உதவட்டும்.

எங்கள் ஊர் முத்துப்பேட்டை. காவிரிப் பாசனத்தின் கடைமடை. அப்பா ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். வீட்டுக்கு எந்தக் கடிதாசி வந்தாலும், "தம்பிகிட்ட குடு, அவனுக்கு தெரியும்" என்பார்கள்.

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பெரிய வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. அங்கே கோரையாற்றில் விட்ட தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்துசேர நாளாகும். எவ்வளவு விடுகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் விதைப்பதா, பொறுப்பதா என்று முடிவு செய்யலாம். இந்தத் தண்ணீர்க் கணக்கைத் தினமும் தொகுத்துப் போடும் ஓர் இணையதளம் இருந்தது. பெயர் வேண்டாம். அதில் லாகின் செய்தால்தான் கணக்கைப் பார்க்க முடியும். அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதி, என் புரோகிராம் தானாக வந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி அனுமதி தந்தார்கள். இப்படிக் கேட்பது முக்கியம், நண்பர்களே. உரியவர் அனுமதி இல்லாமல் ஒரு கணிப்பொறியிலிருந்து தகவலை எடுத்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-வது பிரிவு சொல்கிறது.

பைத்தானில் எழுதினேன். காலை ஆறு மணிக்கு ஓடும். டீ குடிக்கும்போது அப்பாவிடம் கணக்கைச் சொல்லுவேன். அம்மாவுக்குப் பெருமை தாங்காது. அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவைத்துவிட்டார்கள்.

போன ஆவணியில் எட்டு நாள் தொடர்ந்து ஒரே எண் வந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. தண்ணீர் நன்றாக விடுகிறார்கள் என்று நம்பி அப்பா வாடகை டிராக்டர் பிடித்து உழுது, புழுதியில் நேரடி விதைப்பு செய்தார். ஒரு தூறல் போட்டது. விதை முளைத்தது. தண்ணீர்தான் வரவில்லை. தலைப்பில் என்றைக்கோ குறைத்துவிட்டார்களாம். நாலு மா பயிர் முளையிலேயே காய்ந்தது.

அன்று இரவு புரோகிராம் சேமித்து வைத்திருந்த பக்கங்களைத் திறந்து பார்த்தேன். எட்டுப் பக்கத்திலும் தண்ணீர்க் கணக்கே இல்லை. "உங்கள் செஷன் முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்" என்ற ஒரே வாசகம்தான்.

என்ன நடந்தது? எங்கள் ஊர் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்குகிறோம் அல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். காவலுக்கு இருப்பவர் முகத்தை ஞாபகம் வைப்பதில்லை. சீட்டைத்தான் பார்ப்பார். நேற்றைய சீட்டு இன்று செல்லாது. இணையமும் அப்படித்தான். எச்.டி.டி.பி. என்ற நெறிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு தடவையும் நாம் அதற்குப் புது ஆள். அதனால் 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி என்பவர் 'குக்கி' என்ற சீட்டைக் கண்டுபிடித்தார். லாகின் செய்ததும் சர்வர் ஒரு குக்கி தரும். அடுத்தடுத்த பக்கங்களுக்கு அதைக் காட்டி நுழைகிறோம். கெடு முடிந்தால் அது வெறும் காகிதம்.

கெடு முடிந்ததும் சர்வர் 401 என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். பல தளங்கள் அப்படிச் சொல்வதில்லை. 302 என்று சொல்லி லாகின் பக்கத்துக்குத் திருப்பி விடுகின்றன. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் தானாகவே பின்னால் போய் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, 200, அதாவது எல்லாம் சரி, என்று முடித்துவிடும். நான் 200-ஐ மட்டும்தான் பார்த்தேன். அதைவிடப் பெரிய தப்பு, எண் கிடைக்காவிட்டால் முந்தின நாள் எண்ணையே போடு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டம் காலியாக இருந்தால் அசிங்கமாக இருக்குமே என்று!

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருக்கலாமேப்பா. நா லஸ்கர கேட்டுருப்பேன்ல" என்றார்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வரி புரோகிராமின் குணமில்லை, என் குணம். முதல் செமஸ்டரில் ஆசிரியர் ஆங்கிலத்தில் நடத்திவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்பார். ஒன்றும் புரியாமல் தலையாட்டுவேன். படிச்ச பிள்ளைக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தைத்தான் புரோகிராமிலும் எழுதிவைத்திருக்கிறேன்.

மறுநாளே திருத்த உட்கார்ந்தேன். கெடு முடிந்தால் மறுபடி லாகின் செய் என்று எழுதினேன். அதுவும் தோற்றது. லாகின் படிவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு டோக்கன் இருக்கும், ஒவ்வொரு தடவையும் மாறும். நான் பழைய டோக்கனையே அனுப்பிக்கொண்டிருந்தேன். நிறுத்தவும் சொல்லவில்லை. விடிய விடியக் கதவைத் தட்டியதில் தளத்துக்காரர்கள் என் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம் என்று சொன்னவர்களிடம் மன்னிப்புக் கேட்டுத்தான் திறந்தேன்.

இப்போது என் புரோகிராம் இப்படி நடக்கிறது. பக்கம் வந்ததும் 200-ஐ நம்பாது. கேட்ட முகவரிதானா, 'வெளியேறு' என்ற இணைப்பு இருக்கிறதா, கணக்கில் இன்றைய தேதி இருக்கிறதா என்று மூன்றையும் பார்க்கும். இல்லையென்றால் லாகின் பக்கத்தைப் புதிதாக எடுத்து, புது டோக்கனோடு ஒரே ஒரு தடவை நுழைந்து, விட்ட பக்கத்தை மறுபடி கேட்கும். பாஸ்வேர்டு புரோகிராமுக்குள் இல்லை, தனியாக இருக்கிறது. ஓ.டி.பி.யோ கேப்சாவோ கேட்டால் அங்கேயே நின்றுவிடும். அது மனிதர் வந்து திறக்க வேண்டிய கதவு, உடைக்கக்கூடாது. எதுவும் நடக்காவிட்டால் கட்டத்தில் "இன்று தெரியவில்லை" என்று எழுதும்.

போன மாதம் ஒரு நாள் அப்படி வந்தது. அப்பாவிடம் சொன்னேன். "மெஷினுக்கு இன்னிக்கி தெரியலயா? சரி சரி" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு லஸ்கரைப் பார்க்கக் கிளம்பினார்.

நாலு மாவுக்குப் போட்ட விதை போனது போனதுதான். அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நண்பர்களே, இப்போது வகுப்பில் ஆசிரியர் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "இல்ல சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று எழுந்து நிற்கிறேன். என்னைப் போல வீட்டிலிருந்து முதலில் படிக்க வந்த தம்பி தங்கைகளே, நீங்களும் எழுந்து நில்லுங்கள்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறித் துறை