ஆரணி ரோடு ஸ்டேஷனும் ஒரு பெரியவரின் கழுத்தும்

கொஞ்சம் நீளமான பதிவு. நான் செய்த ஒரு தப்பும் இதில் இருக்கு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல ஒரு ஊர்க்கதை.

வேலூரில் இருந்து திருவண்ணாமலை போகும் ரயிலில் கண்ணமங்கலம் தாண்டினதும் "ஆரணி ரோடு"ன்னு ஒரு ஸ்டேஷன் வரும். ஆரணிப் பட்டு எடுக்கப் போறேன்னு அங்க இறங்கினீங்கன்னா, நீங்க நிக்கிற ஊர் களம்பூர். ஆரணிக்கு அங்கிருந்து இன்னும் பத்து கிலோமீட்டர் போல ரோட்டில் போகணும்.

ஸ்டேஷன் பெயரில் "ரோடு"ன்னு இருந்தா அர்த்தம் இதுதான்: ஊர் இங்க இல்லை, ஊருக்குப் போற ரோடு இங்க இருக்கு. கொடைரோடு அப்படித்தான். வாலாஜா ரோடும் அப்படித்தான்.

இந்த ஆரணி ரோடு ஸ்டேஷனை நான் தேடிப் போனதுக்குக் காரணம் ஒரு நோயாளி.

எழுபது வயசைத் தாண்டினவர். பூர்வீகம் களம்பூர் பக்கம். மனைவி தவறின பிறகு மகள் வீட்டோட இருக்கார், செய்யார் பக்கத்துல ஒரு கிராமம். பத்து வருஷமா சுகர். மாசா மாசம் மகள் கூட்டிட்டு வருவாங்க.

ஒரு தடவை வந்தப்போ, "டாக்டரே, காலு மரமரன்னு கீது. நடந்தா தள்ளாடுது" என்றார்.

பத்து வருஷ சுகர். கால் மரத்துப்போகுது. எந்த டாக்டருக்கும் முதல்ல மனசுல வர்றது சுகரால் வரும் நரம்பு பாதிப்புதான். எனக்கும் அதுதான் வந்தது. மாத்திரை எழுதினேன். பி12 ஊசி போட்டேன். செருப்பு போடாம நடக்காதீங்கன்னு சொன்னேன்.

அடுத்த மாசம் அதே புகார். மாத்திரையைக் கூட்டினேன். இப்படியே ஆறு மாசம் போச்சு.

ஏழாவது மாசம் மகள் சொன்னாங்க: "சார், இப்போ சட்டை பட்டன் போட வரல. சோறு பிசைஞ்சா பாதி கீழ சிந்துது. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம்."

பி.பி. பார்க்க அவர் பின்னாடி போய் நின்னேன். பிடரிக்குக் கீழே தோல் தடிச்சு, உள்ளங்கை அகலத்துக்குக் காய்ப்பு காய்ச்ச மாதிரி இருந்தது.

"இது என்ன பெரியவரே?"

"அதுவா? அது ஆரணி ரோடு டாக்டரே" என்று சிரித்தார்.

அப்புறம்தான் கேட்டேன், "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பத்து வருஷமா என்கிட்ட வர்றவர்கிட்ட அன்னைக்குத்தான் கேட்டேன்.

இருபது வயசுல ஆரணி ரோடு கூட்ஸ் ஷெட்ல மூட்டை தூக்கப் போனாராம். களம்பூர், ஆரணி பக்கம் ரைஸ் மில்லுங்க எவ்வளவுன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். மில்லில் இருந்து வண்டியில் வர்ற அரிசி மூட்டையை இறக்கணும், ஷெட்டுக்குள்ள அட்டி போடணும், வேகன் வந்ததும் ஏத்தணும். அரிசி மூட்டை நூறு கிலோ. நெல் மூட்டை எழுபத்தஞ்சு. ரெண்டு பேர் தூக்கி விடுவாங்க, ஒருத்தர் சுமப்பார். தலையில் சும்மாடு, பாதி பாரம் தலையில், பாதி பிடரியில்.

"ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை?"

"வேகன் வந்த அன்னிக்கு ஆளுக்கு முப்பது, முப்பத்தஞ்சு."

மூணு டன்னுக்கு மேல. ஒரே ஒரு மனுஷன் கழுத்து மேல. கூட்ஸ் வேலை குறைஞ்ச பிறகு மில்லிலேயே மூட்டை தூக்கினாராம். மொத்தம் முப்பது வருஷத்துக்குக் குறையாது.

சுத்தியலை எடுத்து முட்டியில் தட்டினேன். சுகரால் நரம்பு கெட்டிருந்தா கால் அசையாமல் இருக்கணும், இல்லைன்னா லேசா அசையணும். இவருக்குக் கால் எகிறிச்சு. ஆறு மாசமா நான் அந்தச் சுத்தியலை எடுக்கவே இல்லைங்கிறதை இங்க மறைக்க விரும்பல.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கழுத்து எலும்பும் தட்டும் தேய்ஞ்சு, எலும்பு முளைச்சு, உள்ளே இருக்கும் தண்டுவடத்தை ரெண்டு இடத்துல நெரிச்சுட்டு இருந்தது. தலையில் பாரம் சுமக்கிறவங்களுக்குக் கழுத்து எலும்பு சீக்கிரம் தேயுதுன்னு மருத்துவ ஆய்வுகள் பலகாலமா சொல்லுது. நான் படிச்சதுதான். படிச்சதை எடுத்துப் பார்க்கணும்னு எனக்குத் தோணல, அவ்வளவுதான்.

ஆபரேஷன் நடந்தது. தண்டுவடம் நசுங்கினதுக்கு ஆபரேஷன்ங்கிறது பெரும்பாலும் இனிமேல் கெடாம நிறுத்துறதுக்குத்தான். போனது எல்லாம் திரும்பி வராது. இப்போ கைத்தடியோட நடக்கிறார். பட்டன் போடறார், கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆறு மாசம் முன்னாடியே அனுப்பியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். அதை அவர்கிட்டயும் மகள்கிட்டயும் சொன்னேன். "நீதானே டாக்டரே கண்டுபுடிச்ச" என்றார். அந்தப் பதிலில் எனக்குச் சமாதானம் ஆகல.

அதுக்கப்புறம்தான் எனக்கு இந்தத் தேடல் பிடிச்சுக்கிச்சு. அறுபது தாண்டின எல்லார்கிட்டயும் கேட்க ஆரம்பிச்சேன்: எங்க வேலை பார்த்தீங்க? எந்த குடோன்? எந்த மில்? எந்த ஸ்டேஷன்? பழைய கூட்ஸ் ஷெட், இடிஞ்ச மில், மூடின கிடங்குன்னு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். போளூர், கண்ணமங்கலம், களம்பூர்னு பக்கம் ரொம்பிட்டே போகுது.

இந்த இடத்துல கொஞ்சம் வரலாறு சொல்லணும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1856 ஜூலை 1. ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரைக்கும். அதாவது செய்யார்ல இருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர்ல ரயில் வந்து நின்னாச்சு.

இருபது வருஷம் கழிச்சு தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்தாங்க. வட ஆற்காடும் தப்பல. ரயில் இருந்தும் செத்தாங்க. தானியம் பசிச்சவன் இருக்கும் பக்கம் போகல, விலை கிடைச்ச பக்கம் போச்சு. கூலி வேலை போனவன்கிட்ட அந்த விலை கொடுக்கப் பணம் இல்லை. 1880ல் பஞ்சக் கமிஷன், பஞ்சம் தாக்கும் பகுதிகளுக்கு இன்னும் ரயில் பாதை போடணும்னு பரிந்துரைச்சது. அதுக்கு அடுத்து வந்த பத்து பதினைந்து வருஷத்துக்குள்ள வந்ததுதான் விழுப்புரத்தில் இருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியா காட்பாடி போகும் மீட்டர் கேஜ் பாதை. ஆரணி ரோடு அதில் ஒரு ஸ்டேஷன்.

ரயில் வந்த இடத்துல தானியம் குவியும். குவிஞ்சா அதை மேல ஏத்தணும், கீழ இறக்கணும்.

அமெரிக்காவில் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. 1842ல் பஃபலோ நகரத்தில் ஜோசப் டார்ட்னு ஒரு வியாபாரி நீராவியில் ஓடும் வாளிப் பட்டை ஒன்னை அமைச்சார். கிணத்து ஏற்றச் சால் மாதிரி நிறைய வாளிகள், ஒரு பட்டையில் வரிசையா. அது கப்பலில் இருந்து தானியத்தை வாரி உயரமான கிடங்குக்குள்ள கொட்டும். மூட்டையே கிடையாது. அதுக்குப் பேர் கிரெயின் எலிவேட்டர். அங்கே ரயில் போன சின்ன ஊர்களில் எல்லாம் ஸ்டேஷன் பக்கத்துல கோபுரம் மாதிரி ஒன்னு நிக்கும். இன்னைக்கு அந்தப் பழைய எலிவேட்டர்களையும் ஸ்டேஷன்களையும் தேடித் தேடி போட்டோ எடுக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க.

நம்ம ஆரணி ரோட்டுல எலிவேட்டர் எதுன்னு கேட்டா, இந்தப் பெரியவரோட கழுத்துதான்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967லேயே சொல்லிடுச்சு: ஒரு ஆண் தொழிலாளி தனியா சுமக்கிற பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது. இவர் வேலைக்குப் போனது அதுக்குப் பிறகு.

நன்மையும் சொல்லணும். இந்தப் பக்கத்து மில்லுங்க பெரும்பாலும் புழுங்கல் அரிசி மில்லுங்க. நெல்லை ஊற வச்சு, அவிச்சு, களத்துல காய வச்சு அப்புறம் அரைக்கிறது. அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் சத்து அரிசிக்குள்ள இறங்கிடும். அது இல்லாம தீட்டின பச்சரிசியே சாப்பிட்ட இடங்களில் பெரிபெரி வந்தது. நரம்பையும் இதயத்தையும் தாக்கும் நோய். ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் அது இருந்தப்போ, புழுங்கல் சாப்பிட்ட தமிழ்நாட்டுப் பக்கம் அவ்வளவா வரல. நம்ம பாட்டன் பாட்டி நரம்பைக் காப்பாத்தின அரிசி அது. அதைச் சுமந்தவர் நரம்பு இப்படி ஆச்சு.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அவரையும் மகளையும் கார்ல ஏத்திக்கிட்டு களம்பூர் போனேன். மீட்டர் கேஜ் போய் 2010ல் அகலப்பாதை வந்தாச்சு. மேல மின்கம்பி. பெரியவர் தடியை ஊன்றிக்கிட்டு ரொம்ப நேரம் அங்கயும் இங்கயும் பார்த்தார். "இங்கதான் ஷெட்டு" என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு, "இல்ல, அந்தாண்ட" என்றார். அவருக்கே அடையாளம் தெரியல.

அப்புறம் ஒரு புளியமரத்தைக் காட்டி, "இதும்கீழதான் கஞ்சி குடிப்போம்" என்றார். மரம் மட்டும் நிச்சயமா தெரிஞ்சுது. மகள் அன்னைக்குத்தான் அப்பா வேலை பார்த்த இடத்தை முதல்முறையா பார்க்கிறாங்க.

செஞ்சிக்கோட்டை போனவங்க அங்க ராஜாக்கள் கட்டின நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீங்க. தொல்லியல் துறை காக்குது, 2025ல் அந்தக் கோட்டையே யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. சந்தோஷம். மூட்டை சுமந்தவங்க ஷெட்டுக்கு அப்படி ஒரு பலகை எதிர்பார்க்க முடியாது. அது இருந்ததுக்கு அத்தாட்சி இப்போ அவங்க எக்ஸ்ரேயில்தான் இருக்கு. அவங்களும் போயிட்டு இருக்காங்க.

செய்யாருக்கு ரயில் எப்போ வரும்னு கேட்பீங்க. திண்டிவனம் - நகரி பாதை 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அறிவிச்சது. வந்தவாசி, செய்யார், ஆரணி வழி. இன்னும் ரயில் ஓடல. வந்தா நல்லது. நோயாளிகளுக்கு ரொம்ப நல்லது. மூட்டையை மெஷின் ஏத்தட்டும்.

கடைசியா, உங்களுக்குச் சில விஷயம்.

உங்க வீட்டுல மூட்டை தூக்கினவர், செங்கல் சுமந்தவர், தலைச்சுமை வியாபாரம் பண்ணவர் யாராவது இருந்தா இதைக் கவனிங்க: நடை தள்ளாடுதா? கால் விறைப்பா இருக்கா? பட்டன் போட, சாவி திருப்ப, சோறு பிசைய சிரமமா? சிறுநீரை அடக்க முடியலையா?

வீட்டிலேயே ஒரு சோதனை. கையை இறுக்கி மூடி முழுசா விரிக்கச் சொல்லுங்க, வேகமா. 10 விநாடியில் 20 தடவை செய்ய வரணும். ரொம்பக் குறைஞ்சா டாக்டரைப் பாருங்க. இது நோய் இருக்குன்னு சொல்லும் சோதனை இல்லை, பார்க்கணும்னு சொல்லும் சோதனை. "வயசாயிடுச்சு", "சுகர்தான்"னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. நான் பண்ணி ஆறு மாசம் போச்சு.

டாக்டர்கிட்ட போனா, அவர் கேட்காட்டியும் நீங்களே சொல்லுங்க: என்ன வேலை பார்த்தோம், எத்தனை வருஷம், எவ்வளவு பாரம்.

அப்புறம், இன்னைக்கு ராத்திரி உங்க அப்பாகிட்டயோ தாத்தாகிட்டயோ கேளுங்க, எங்க வேலை பார்த்தீங்கன்னு. முடிஞ்சா ஒரு நாள் அங்க கூட்டிட்டுப் போங்க. உங்க ஊர்ல பழைய கூட்ஸ் ஷெட், நெல் கிடங்கு, மில் எதுவா இருந்தாலும் கீழ எழுதுங்க. என் நோட்டில் இன்னும் பக்கம் இருக்கு.