வெளிச்சத்துக்கு ஏங்கிய வீடு

நியூயோர்க் என்றதும் வானளாவிய மாளிகைகளே பலர் மனக்கண்ணில் தோன்றும். ஆயின், அம்மாநகரத்து ஏழைகளின் பழைய வாழ்வை அறிய விழைவோர் மன்ஹற்றன் தீவின் தென்கிழக்கேயுள்ள ஓச்சட் வீதிக்குச் செல்லல் வேண்டும். அங்கே 97-ஆம் இலக்கக் கட்டடம், 1988-இல் நிறுவப்பட்ட நூதனசாலையொன்றின் பாதுகாப்பில், காட்சிக்குரியதாய் நிற்கின்றது.

செங்கல்லாலான இம்மாடிக் கட்டடம் 1863-இல் எழுந்தது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய தையற்காரர் ஒருவரே இதனைக் கட்டுவித்தார். 1935 வரை, இருபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ 7,000 பேர் இதில் குடியிருந்தனர்.

குறுகிய படிகளில் ஏறி உள்ளே புகும் நாம் முதலில் உணர்வது இருளையே. ஒரு குடும்பத்துக்கு மூன்று அறைகள். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 325 சதுர அடி. அவற்றுள் ஓர் அறைக்கே வெளிவெளிச்சம் நேராக வரும். நடுவில் சமையலறை, அதனை அடுத்து, காற்றும் புகாத படுக்கையறை. ஆதியில் வீட்டினுள் நீர்க்குழாயும் இல்லை, மலசலகூடமும் இல்லை. யாவற்றுக்கும் பின்முற்றத்துக்கே இறங்க வேண்டும். நீர் நிரம்பிய வாளியைச் சுமந்து மாடிமாடியாய் ஏறிய தாய்மாரை எண்ணிப் பாருங்கள்! பலர் இவ்வறைகளிலேயே கூலிக்குத் துணியும் தைத்தனர். இத்தகைய வீடுகளிற் சயரோகம் குடிகொண்டதில் வியப்பில்லை.

இந்த இருளை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் ஜேக்கப் றீஸ். டென்மார்க்கிலிருந்து வறியவராய் வந்து பத்திரிகை நிருபரானவர் அவர். ஒளிதரும் தூளைக் கொளுத்தி, அந்நகரத்து இருட்டறைகளைப் படம்பிடித்தார். அவரது நூல் 1890-இல் வெளிவந்தது. கற்றோர் நெஞ்சைச் சுட்டது. 1901-இல் நியூயோர்க் மாநிலம் புதிய சட்டம் இயற்றிற்று. இருட்டறைகளுக்குச் சாளரம் வேண்டும், இரு குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடமேனும் கட்டடத்துள் வேண்டும் என்றது அச்சட்டம்.

இவ்வீட்டின் உட்சுவரிலே ஒரு சாளரத்தைக் காண்கின்றோம். வானத்தைக் காட்டாத சாளரம் அது. ஆயினும் முன்னறையின் வெளிச்சத்தைச் சமையலறைக்குக் கடனாகக் கொடுத்தது.

1935-இல், விதிகளின்படி திருத்தஞ்செய்யும் செலவை விரும்பாத உரிமையாளர், குடியிருந்தோரை வெளியேற்றி மேன்மாடிகளைப் பூட்டினார். நல்ல வீடு வேண்டுமெனச் சட்டம் கேட்கலாம். அதற்காகும் செலவை யார் கொடுப்பது? இவ்வினா அந்நகரோடு ஒழிந்ததன்று. காற்றும் ஒளியும் எல்லார்க்கும் பொது என்போம். நகரத்திலே அவையும் வாடகைப் பொருளாகலாம் என்பதை இச்சிறு வீடு நமக்கு உணர்த்துகின்றது.