பவானிபூரில் ஒரு சமையற்கட்டுப் பள்ளி

கொல்கத்தாவுக்கு வரும் நம்மவர் காளிகட்டத்தில் தரிசனம் முடித்து, லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது வழக்கம். அவற்றுக்குச் சற்று வடக்கேயுள்ள பவானிபூரில் இறங்கி நடப்பவர் சிலரே. 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், இந்தியாவின் முதல் சுரங்க ரயில் எஸ்பிளனேடிலிருந்து புறப்பட்டு இந்தப் பவானிபூரில்தான் வந்து நின்றது. அந்நிலையத்துக்கு இன்று நேதாஜி பவன் என்று பெயர். 1941 ஜனவரியில் காவலர் கண்ணில் மண்ணைத் தூவி நேதாஜி வெளியேறிய எல்கின் சாலை வீடு அதற்கு அருகில் உள்ளது. இவையெல்லாம் வழிகாட்டி நூல்களில் உண்டு. நாம் எழுத வந்தது இவ்வூரில் உள்ள நம் வீட்டுச் சமையற்கட்டைப் பற்றி.

ஞாயிறுதோறும் அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் அறுவர் நம் வீட்டில் தமிழ் எழுதப் படிக்க வருவார்கள். வருவார்கள் என்பதைவிட அனுப்பப்படுவார்கள் என்பதே பொருத்தம். பள்ளிக்கூடத்துச் சுமையோடு இதுவும் ஒரு சுமை. பின்னக் கணக்கில் தோற்ற சிறுவன் ஒருவன், ‘இதெல்லாம் யாருக்கு வேண்டும்?’ என்று கேட்டான். நம்மிடம் விடை இல்லை. இந்த வகுப்பு இன்னும் இரண்டு மாதம் தாங்குமா என்ற ஐயமும் இருந்தது.

விடை தெருவில் கிடைத்தது. ஹரிஷ் முகர்ஜி சாலையிலுள்ள சந்த் குடியா குருத்வாராவுக்குப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துச் சென்றோம். லங்கரில் யாரும் உட்கார்ந்து உண்ணலாம். யாரும் உட்கார்ந்து ரொட்டி தேய்க்கலாம். நம் பிள்ளைகள் தேய்த்தவை வட்டமாக அமையவில்லை, ஆயினும் பரிமாறப்பட்டன. வீடு திரும்பும்போது அதே சிறுவன், நாமும் பிறருக்குச் சமைத்தால் என்ன என்றான். சற்றுத் தொலைவில்தான் மக்கள் ‘பி.ஜி.’ என்று வழங்கும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை. நோயாளியைச் சேர்த்துவிட்டு வெளியே காத்துக் கிடக்கும் வெளியூர் உறவினர் அங்கே எந்நாளும் உண்டு. அவர்களுள் முப்பத்தாறு பேருக்குச் சாம்பார் சாதம் என்று முடிவாயிற்று.

நால்வருக்கு முக்கால் ஆழாக்குப் பருப்பு என்பது வீட்டு வழக்கம். முப்பத்தாறு பேருக்கு? தோற்ற சிறுவனே ஆறே முக்கால் ஆழாக்கு என்றான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று நம் பாட்டிமார் அளந்த கணக்கும் அன்று வெளியே வந்தது. ஜதுபாபு பஜாரில் பருப்பு வாங்குகையில், கடைக்கார முதியவர் நான்கு போயா ஒரு சேர், பதினாறு சட்டாக்கு ஒரு சேர் என்று தம் இளமைக்கால அளவைச் சொன்னார். பாதி பாதியாகப் பிரித்தால் அதுவும் நம் வழிதான் என்று பிள்ளைகள் கண்டுகொண்டார்கள்.

தண்ணீரில்தான் மோசம் போயிற்று. எல்லாவற்றையும் ஒன்பதால் பெருக்கியதுபோல் தண்ணீரையும் பெருக்கிவிட்டார்கள். சாம்பார் ரசமாக ஓடிற்று. பாத்திரம் பெரிதானாலும் ஆவி போகும் வாய் ஒன்பது மடங்கு அகலவில்லை அன்றோ? முக்கால் மணி நேரம் சுண்டக் காய்ச்ச வேண்டியதாயிற்று. ஆவியாதல் என்ற பாடத்தைத் தேர்வுக்காகப் படித்திருந்தவர்கள், பசித்தவர் காத்திருக்கிறார்கள் என்ற கலக்கத்தோடு அன்று கண்ணால் கண்டார்கள்.

சோறு வடித்த கஞ்சியைச் சாக்கடையில் கொட்டப் போனபோது கீழ்வீட்டு வங்காளப் பாட்டியார் தடுத்தார். தொண்ணூறைத் தொட்டவர். ‘இதற்குப் பெயர் ஃபேன். நான் சிறுமியாயிருந்தபோது இதைக் கேட்டுத்தான் வாசலில் நின்றார்கள். சோறு கேட்கவில்லை’ என்றார். 1942 அக்டோபரில் மிதுனாபூரைப் புயல் அழித்தது. போர்க்கால விலையேற்றம் ஏழைகளுக்கு அரிசியை எட்டாக்கனி ஆக்கிற்று. 1943-இல் கிராமத்தார் கூட்டங்கூட்டமாக இந்நகருக்கு வந்து தெருவில் மடிந்தனர். வங்கத்தில் இறந்தவர் இருபது முதல் முப்பது லட்சம் பேர் வரை என்பர். பாட்டியார் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசவில்லை. பிள்ளைகள் கஞ்சியில் உப்பிட்டு ஆளுக்கு ஒரு குவளை குடித்தார்கள். நாமும் குடித்தோம்.

இம்முறை நம் கண்டுபிடிப்பு அன்று. 1910-இல் காந்தியடிகள் ஜோகானஸ்பர்க் அருகே அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் வேலையாட்கள் கிடையா. சமையல் முதல் துப்புரவு வரை அங்கே வாழ்ந்தவர்களே செய்தார்கள். அங்கிருந்த பிள்ளைகளுள் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. போப் ஐயரின் கைந்நூலைத் தாண்டாத தம் தமிழை வைத்துக்கொண்டு அவர்களுக்குத் தமிழ் கற்பித்தவர் காந்தியடிகளே! நம்மில் பலருக்கு இது ஆறுதல். 1915 மார்ச் 10-ஆம் நாள் சாந்திநிகேதனத்தில் மாணவரும் ஆசிரியரும் தாமே சமைக்கும் முயற்சியை அவர் தூண்டித் தொடங்கினார். அது சில காலத்தில் நின்றுபோயிற்று. ஆயினும் ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே பணியாளருக்கு ஓய்வளித்து, மாணவரும் ஆசிரியரும் அவ்வேலைகளை ஏற்கும் வழக்கம் நிலைத்தது.

ஒன்றரை மணிக்குப் பொட்டலங்களோடு மருத்துவமனைத் தெருவை அடைந்தோம். கொடுக்கும்போது ஊரைக் கேட்டுக் குறித்துக்கொள்வது என்று பிள்ளைகளே ஏற்பாடு செய்திருந்தார்கள். முர்ஷிதாபாத், புருலியா, சுந்தரவனத் தீவுகள் என்று தமிழெழுத்தில் குறிப்பேடு நிரம்பிற்று. மிதுனாபூரிலிருந்து வந்த ஒருவர் சாம்பாரை ருசித்து, ‘டக் டால்’ என்று சிரித்தார். புளித்த பருப்பு என்று பொருள். மாங்காயிட்டு அவர்கள் செய்வது. மிதுனாபூர் என்று எழுதிய சிறுமி எழுத்தை நிறுத்தி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு பொட்டலம் நீட்டினாள். கணக்கில் ஒன்று குறைந்தது. தன் பங்கைத்தான் கொடுத்திருந்தாள்.

வரும் ஞாயிற்றுக்கு நாற்பத்தெட்டுப் பேர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பருப்பு ஒன்பது ஆழாக்கு. தண்ணீர் என்ற இடம் மட்டும் இன்னும் நிரப்பப்படவில்லை.