புலிக்கு நிகரான மீன்... பெருங்களத்தூர் டு கோவளம் ஒரு ரவுண்டு!

பெருங்களத்தூர் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஜி.எஸ்.டி சாலையும், பண்டிகை முடிந்து ஊர் திரும்பும் கூட்டமும்தான். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த இந்த ஊரில் கடல் இல்லை. ஆனால், கடல் தூரமும் இல்லை. வண்டலூரில் இடதுபக்கம் திரும்பி, கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் தாண்டினால் கேளம்பாக்கம். அங்கிருந்து கோவளம் பக்கம்தான். எல்லாம் சேர்த்து 30 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

இந்தப் பாதையின் தொடக்கத்திலேயே வண்டலூர் உயிரியல் பூங்கா. குழந்தைகள் முதலில் தேடுவது புலியைத்தான். அந்தப் புலிக்குச் சட்டம் தரும் அதே உச்சப் பாதுகாப்பு, பாதையின் மறுமுனையில் இருக்கும் வங்கக் கடலின் ஒரு மீனுக்கும் உண்டு. அதன் பெயர் வேளா.

சுறாவா, திருக்கையா?

நீண்ட உடல், முகத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் பல் வைத்த வாள். பார்த்தால் சுறா என்றுதான் தோன்றும். உண்மையில் வேளா, திருக்கை வகையைச் சேர்ந்தது. அடையாளம் சுலபம்: செவுள் பிளவுகள் உடலின் பக்கவாட்டில் இருந்தால் சுறா, அடிப்பக்கம் இருந்தால் திருக்கை.

அந்த வாள் வெறும் ஆயுதம் இல்லை. மற்ற உயிர்களின் உடலிலிருந்து வரும் மிக மெல்லிய மின்னதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் அதில் நிறைந்திருக்கின்றன. கலங்கிய முகத்துவார நீரிலும் இரையைக் கண்டுபிடித்து, வாளைப் பக்கவாட்டில் வீசி அடித்துப் பிடிக்கும். வேளா குட்டி போடும் மீன். தாய்க்குக் காயம் படாதபடி, பிறக்கும்போது குட்டியின் வாளை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கும்.

மத்தி போன்ற மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வேளாவோ பருவத்துக்கு வரவே பல வருடங்கள் எடுத்துக்கொள்ளும். ஈனுவதும் சில குட்டிகள்தான். பிடிக்கும் வேகத்துக்குப் பெருகும் வேகம் ஈடுகொடுக்க முடியாது.

வாளே வினை

பரதவர்கள் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சுறாவின் கோட்டை நட்டு வழிபட்டதைப் 'பட்டினப்பாலை' சொல்கிறது. அந்தக் கோடு வேளாவின் வாள்தான் என்று கருதுவோர் உண்டு. வழிபடப்பட்ட அந்த வாளே இன்று அதற்கு எமன். வலையில் முதலில் சிக்குவது அதுதான். சிக்கினால் கழற்றுவது பெரும்பாடு. துடுப்புக்கும் வாளுக்கும் இருந்த வெளிநாட்டுச் சந்தையும், முகத்துவாரங்களும் அலையாத்திக் காடுகளும் சுருங்கியதும் சேர்ந்துகொள்ள, உலகில் உள்ள 5 வகை வேளாக்களும் அழிவின் விளிம்பில் நிற்கின்றன.

2001 ஜூலையில் மத்திய அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் பிடிக்கத் தடை போட்டது. மீனவர்கள் எதிர்த்தார்கள். பிழைப்பே போய்விடும் என்ற அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தடை 10 இனங்களாகக் குறைக்கப்பட்டது. வேளாக்கள் பட்டியலில் நீடித்தன. 2022 சட்டத் திருத்தம் பட்டியலை விரிவாக்கியது. இன்று வேளாவைப் பிடித்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

ஆனால், சிக்கிய வேளாவை உயிரோடு விட, மீனவர் தன் வலையைத்தான் அறுக்க வேண்டும். அந்த நஷ்டம் யாருக்கு? மகாராஷ்டிராவில் வலையை அறுத்துக் காப்பாற்றும் மீனவருக்கு 2018 முதல் அரசு இழப்பீடு தருகிறது. சட்டத்தோடு இப்படி ஒரு கையும் சேர்ந்தால்தான் மீனும் பிழைக்கும், மீனவரும் பிழைப்பார்.

கோவளம் போகிறவர்களுக்கு...

2021-ல் நீலக்கொடி சான்று பெற்ற கடற்கரை, அலைச்சறுக்கு, தர்கா, தேவாலயம் என்று கோவளத்தில் ஒரு நாளுக்கான விஷயங்கள் உண்டு. காலையிலேயே போனால் கரைக்கு வரும் மீன்களையும் பார்க்கலாம். வேளா கண்ணில் படும் வாய்ப்பு மிகக் குறைவு. திருக்கை இருக்கும். குழம்புக்கு வாங்கும் முன், என்ன வகை என்று மீன் விற்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். குட்டியாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். பழைய வேளா வாளை 'ஷோகேஸுக்கு அழகு' என்று யாராவது நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதுவும் குற்றம்தான்.