கைபட்ட இடம்

சண்டிகரில் நான் தமிழ் கற்பிக்கும் பள்ளியின் மாணவன் ஒருவன், மிக்-21 போர் விமானத்தை ஐந்தில் ஒரு பங்கு அளவில் தானே செய்தான்; இறக்கை விரிவே 143 சென்டிமீட்டர். 1963 முதல் 2025 வரை நம் விமானப்படையில் இருந்த அவ்வூர்தியை அவன் தந்தை பழுதுபார்த்தவர்.

மெல்லிய நாடா ஒட்டி, அதன்மேல் கனத்த பூச்சுத் தெளித்து, உப்புத்தாளால் தேய்த்து, நாடாவை உரித்தான். தகடுகள் இணையும் கோடு பள்ளமாக நின்றது. ஒலியினும் விரைந்து செல்லும் விமானத்தில் ஆணித்தலைகள் துருத்தி நிற்பதில்லை. எனவே சூடேற்றிய பித்தளைக் குழலின் முனையால் சிறு வட்டங்களையே பதித்தான். அவை சற்றுப் பெருத்தாலும் அம்மைத் தழும்பாகத் தோன்றும் என்பது என் எண்ணம்.

வண்ணம் புதிதாக மின்னியது. தந்தைக்கு நிறைவில்லை. அடிக்கடி திறக்கப்படும் மூடியொன்றின் விளிம்பைத் தொட்டு, “இங்கே என் கை பட்டுப்பட்டு வண்ணம் போயிருக்கும்” என்றார். மகன் அவ்விடத்தை மட்டும் மெல்லத் தேய்த்தான்.