அடைப்பான்

என் மகள் வயிற்றுப் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பம் போடப் போகிறேன் என்கிறாள். உயிரியலை நூறுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் சேர்த்து நூறுக்கும் சுருக்கிக் கூட்டினால் 200க்கு 161 வருகிறது. அது போதாது என்று அவளுக்கே தெரியும். போன வாரம் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "அப்பிச்சி, நீங்களும் மார்க்கு கம்மின்னு தெரிஞ்சேதானுங்க போட்டீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எனக்கு மாடுன்னா உசுருங்க அப்பிச்சி. அதுக்கு ஒரு மார்க்கும் இல்லீங்களா?"

அன்று அவளுக்குப் பதில் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் இதே கேள்வியை நான் ஒரு குற்றச்சாட்டாகச் சுமந்து திரிந்தவன். அதிலிருந்து எப்படி இறங்கினேன் என்று சொல்லாமல் அவளுக்குப் பதில் சொல்ல முடியாது.

1980இல் பிளஸ் டூ பரீட்சை எழுதி வெளியே வந்த முதல் கூட்டத்தில் நானும் ஒருவன். அறிவியல் பாடங்களில் என் சராசரி நூற்றுக்கு 54. தமிழ்நாட்டில் அப்போது கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றே ஒன்று, 1903இல் தொடங்கியது, சென்னை வேப்பேரியில். ஆனால் 1976 முதல் அது கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. கல்லூரி அங்கே, அதன் தலை இங்கே. அதனால் காங்கயத்திலிருந்து பல்லடம் வழியாக பஸ் ஏறி, அப்பாவும் நானும் லாலி ரோட்டில் போய் நின்றோம். திரும்பும்போது உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் இரண்டு சாமான் வாங்கினேன். ஒன்று, ஆங்கிலத்தில் ஒரு தடித்த நுண்ணுயிரியல் புத்தகம். நேர்காணல் ஏதும் வைத்தால் உதவும் என்று. இன்னொன்று, சணலால் கட்டிய பழைய சிறுபத்திரிகை இதழ்கள். பஸ்ஸில் எதைப் பிரித்தேன் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விண்ணப்பத்தோடு யாரும் கேட்காத ஒரு கடிதத்தையும் இணைத்தேன். எங்கள் கொறங்காட்டைப் பற்றி எழுதியிருந்தேன். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் மேய்ப்பவன் வேண்டாம். நான்கு தலைமுறையாகக் காங்கய மாடு வைத்திருக்கும் குடும்பம், எனக்கு மாட்டின் மொழி தெரியும் என்று முடித்திருந்தேன். பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. 54க்கு இடம் கிடைக்காதது நியாயம்தான். அன்று அது நியாயமாகப் படவில்லை.

நம் சிறு வட்டத்தில் பரீட்சையில் தோற்றவனுக்கு ஒரு மரியாதை உண்டு. கல்லூரியைப் பாதியில் விட்டவன், வேலையை உதறியவன், மார்க் வாங்காதவன் சொல்லில் உண்மை இருக்கும் என்று எழுதப்படாத ஒரு விதி. நானும் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டேன். அடுத்த சில வருஷங்களில் எழுதிய கவிதைகளில் மாடு அடிக்கடி வந்தது. மயிலைப் பசுவின் கண்ணைப் பற்றி நாலு வரி எழுதினால் நண்பர்கள் அதை 'அசலான அனுபவம்' என்றார்கள். அந்தப் பசுவின் கட்டுத்தரையில் சாணி அள்ளியவன் நான் அல்ல என்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஜேம்ஸ் ஹெரியட்டின் புத்தகங்கள் கிடைத்தபோது இன்னும் வசதியாகப் போயிற்று. ஆல்ஃப் வைட் என்ற அந்தக் கால்நடை மருத்துவர் படிப்பில் கெட்டிக்காரர் அல்ல; 1970இல்தான் முதல் புத்தகம் வந்தது; உலகமே படித்தது. பார், மார்க் இல்லாதவன்தான் மாட்டையும் எழுதுவான், மனிதனையும் எழுதுவான் என்று சொல்லித் திரிந்தேன். அவர் 1933இல் கிளாஸ்கோ கல்லூரியில் சேர்ந்து, தவறிய தாள்களை மறுபடி மறுபடி எழுதி, 1939 கடைசியில்தான் வெளியே வந்தார் என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அந்த ஆறு வருஷம் என் கதைக்கு உதவாது.

எங்கள் பண்ணையத்தில் மாட்டைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அருந்ததியர். என் அப்பாவைவிட மூத்தவர். என்னைச் 'சாமி' என்பார். நான் அவரை 'வாடா, போடா' என்றுதான் கூப்பிட்டேன்; ஊரில் அதுதான் வழக்கம், அது வழக்கம் என்பதே எனக்குத் தோன்றாத வயது. மாடு செத்தால் தூக்கிக்கொண்டு போய்த் தோலை உரிப்பதும் அவர்தான். அதனால் எங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்: மாட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பது. மாதக்கணக்கில் இளைத்துச் செத்த எருதின் வயிற்றில், தேன்கூடு மாதிரி இருக்கும் அறையில், தட்டோடு சேர்த்து விழுங்கிய கம்பித் துண்டு குத்தி நெஞ்சுவரைக்கும் சீழ் வைத்திருந்ததை எடுத்துவந்து அப்பாவிடம் காட்டினார். ஈரலில் இலை மாதிரி தட்டைப்புழு இருந்தால், எந்தக் குட்டையில் தண்ணீர் காட்டக் கூடாது என்று சொல்வார். ஊரார் திடீரென்று சாகிற மாட்டுக்கெல்லாம் 'அடைப்பான்' என்று ஒரே பெயர் சொல்வார்கள். அவர் பிரிப்பார். தொண்டை வீங்கி மூச்சு முட்டினால் ஒன்று; சப்பையை அழுத்தும்போது உள்ளே நறநறவென்றால் இன்னொன்று. என் கடிதத்தில் 'மாட்டின் மொழி' என்று எழுதினேனே, அது இவருடையது. கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

1986 கோடை. புல் கட்டையாகி, மாடுகள் மண்ணோடு சேர்த்துக் கரண்டிக்கொண்டிருந்தன. ஒரு நாள் காலை மயிலைப் பசு ஒன்று கொறங்காட்டில் செத்துக் கிடந்தது. முதல் நாள் சாயங்காலம் நன்றாக இருந்த மாடு. மூக்கிலும் பின்னாலும் ரத்தம். அப்பா ஊரில் இல்லை. தூக்கிக்கொண்டு போ என்று சொன்னேன். மத்தியானம் அவர் திரும்பி வந்து வாசலுக்கு வெளியே நின்றார்.

"சாமி, ரத்தம் ஒறையவே மாட்டேங்குதுங்க. தாராட்டம் ஓடுது. மண்ணீரல் மூணு பங்கு பெருத்துக் கருத்துக் கெடக்குதுங்க. நான் இந்த மாதிரி பாத்ததில்லீங்க. கறி வேண்டாம்னு பொதச்சுப்போட்டேன். தோல மட்டும் எடுத்தேனுங்க."

நான் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். சரி என்றேன்.

நான்காம் நாள் இரண்டாவது மாடு செத்தது. இந்த முறை மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் விட்டோம். வந்த டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். நான் விண்ணப்பம் போட்ட வருஷம் உள்ளே போனவர் என்று பிறகு பேச்சில் தெரிந்தது. சென்னையில் வளர்ந்தவர், கல்லூரிக்குப் போகும்வரை மாட்டைத் தொட்டதே இல்லை என்று அவரே சொன்னார். அவர் மாட்டை அறுக்க விடவில்லை. காது நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டார். "முதல் மாட்டை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். உரித்தவரை உடனே கூப்பிடச் சொன்னார்.

முன்னங்கையில் ஒரு புண். சுற்றிலும் வீக்கம், நடுவில் கரிக்கட்டை மாதிரி கறுப்பு. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். "வலியே இல்லீங்க, அதனால உட்டுட்டேனுங்க." டாக்டர் தன் மோட்டார் சைக்கிளிலேயே அவரை ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். பென்சிலின் ஊசி. பிழைத்தார். மறுநாள் டாக்டர் திரும்பி வந்து ஆறடிக் குழி வெட்டச் சொல்லி, சுண்ணாம்பு கொட்டி, மாட்டையும் தோலையும் புதைக்கவைத்தார். சுற்று ஊர் மாடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டார். தோல் போனால் அந்த மனிதருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்டவரும் டாக்டர்தான். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று இரவு உக்கடத்துப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஆறு வருஷமாகத் திறக்காதது. உறையாத கறுத்த ரத்தம், பெருத்துக் குழைந்த மண்ணீரல், வலியில்லாத கரும்புண் — அவர் வாசலில் நின்று சொன்னதெல்லாம் வரிசையாக இருந்தது. செத்த மாட்டை அறுக்காதே, காற்றுப் பட்டால் கிருமி வித்தாக மாறும், வித்து மண்ணில் பல பத்து வருஷம் கிடக்கும் என்றும் இருந்தது. புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. ராபர்ட் கோக் ஒரு சிறிய ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே 1876இல் இந்தக் கிருமியின் வாழ்க்கையைக் கண்டு சொல்லிவிட்டார். பாஸ்டர் 1881இல் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டு ஊரறியக் காட்டிவிட்டார்.

பார்வை அவரிடம் இருந்தது. அதன் அர்த்தம் என் அலமாரியில் இருந்தது. இரண்டையும் சேர்க்கக்கூடிய ஒரே ஆள் அந்த வாசலில் நான்தான். அவருக்குப் புத்தகம் இல்லை. டாக்டருக்கு அந்தக் கண் அப்போது இல்லை. எனக்கு இரண்டும் எட்டும் தூரத்தில் இருந்தன. நான் 'சரி' என்றேன்.

அதற்குப் பிறகு 54ஐப் பற்றி நான் குறை சொன்னதில்லை. மார்க் எல்லாவற்றையும் அளக்கிறது என்று சொல்ல வரவில்லை. அந்த மனிதருக்குத் தெரிந்ததை எந்தத் தாளும் கேட்டதில்லை. ஆனால் அது அளந்த ஒன்று எனக்கு அவமானமாக இருந்ததால், அது எதையும் அளக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். மாட்டை நேசிக்கிறேன் என்பதும் அப்படித்தான். நேசத்துக்கு அந்தக் கையைக் காப்பாற்ற முடியவில்லை. குறைந்த மார்க் என்பதுகூட மார்க் பட்டியல் உள்ளவனுக்குத்தான். அவர் பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை. அவருடைய பேரன்மார் காலத்தில், 2009இல்தான், அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. 2024இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்த வீட்டிலிருந்து யாராவது விண்ணப்பம் போட்டால் என் கடிதத்தைவிட உண்மையான கடிதம் இணைக்கலாம்.

நேற்றுப் பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைச் சொன்னேன். போடு என்றேன். அன்று ஒரு கல்லூரி, இன்று ஏழு. உடுமலைப்பேட்டையிலேயே 2020இல் ஒன்று வந்துவிட்டது. கிடைக்காமல் போனால் வருத்தப்படு, மறுபடி படி, இல்லை வேறு படிப்புக்குப் போ. ஆனால் உசுரு என்பதை 161க்குப் பக்கத்தில் கூட்டிவைக்காதே. அது சேர்ந்த பிறகு, தெரியாத பக்கத்தை ராத்திரி உட்கார்ந்து படிக்கும்போது வேண்டியிருக்கும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தத் தாத்தா பேரு என்னங்க அப்பிச்சி?" என்றாள்.

நாங்கள் கூப்பிட்ட பெயரைச் சொன்னேன். அது பாதிப் பெயர். முழுப் பெயரை நான் கேட்டதே இல்லை.