பனித்தரையில் ஒரு நீண்ட சனிக்கிழமை

மார்ச் மாதம் பிறந்தால் குளிர் போய்விடும் என்று நம்பி மினியாபொலிஸ் நகருக்குப் போகக்கூடாது. 2013ஆம் ஆண்டு மார்ச் நடுப்பகுதியில் நான் போனபோது வீதியோரம் அள்ளிக் குவித்த பனி முழங்காலளவு நின்றது. அக்காவின் மகள் அங்குள்ள மினசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, சனிக்கிழமை பெண்கள் ஐஸ் ஹொக்கி. கால் இறுதி. கட்டாயம் வாங்கோ" என்றாள்.

"வெளியில இருக்கிற குளிர் காணாதெண்டு உள்ளுக்கையும் பனியோ?" என்று கேட்டேன். ஆனாலும் போனேன்.

ரிடர் அரங்கு 2002இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் பெண்களின் கல்லூரி ஐஸ் ஹொக்கிக்கென்றே முதன்முதலில் கட்டப்பட்ட அரங்கு அது. பக்கத்திலேயே ஆண்களின் அரங்கு. அதில் சுமார் 10,000 பேர் இருக்கலாம். இதில் 3,400 பேர்தான். ஆனாலும் சிறிய இடம் என்பதால், பனித்தரையைச் சறுக்குச் சப்பாத்து கீறும் சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்கிறது.

விளையாட்டு விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒரு பக்கத்தில் கோல் காப்பாளருடன் ஆறு பேர். பந்துக்குப் பதில் கறுப்பு றப்பர் வட்டு. அது துள்ளாமல் இருக்க, ஆட்டத்துக்கு முன் குளிரில் உறைய வைப்பார்களாம். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஒருத்தி ஒரு நிமிடம்கூட ஓடமாட்டாள். மூச்சு வாங்க வேலிக்கு மேலால் பாய்ந்து வெளியே வர, இன்னொருத்தி உள்ளே பாய்கிறாள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு வண்டி வந்து, கீறுப்பட்ட தரையைச் சீவி, மெல்லிய தண்ணீர் விட்டு மெழுகிவிட்டுப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த வண்டிதான் என்று சொன்னால் பெறாமகள் கோபிப்பாள்.

முதல் பகுதி முடிய ஹோர்ன் அடித்தது. என்னையறியாமலே குனிந்துவிட்டேன். வாசகியருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிள்ளை ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஹோர்னுக்கு முன்னரே மணிக்கூட்டைப் பார்த்து "இப்ப அடிக்கும் சித்தி" என்று சொல்லத் தொடங்கினாள்.

மினசோட்டா அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் 38 வெற்றிகளுடன் வந்திருந்தது. எதிரே பச்சை உடையில் வட டகோட்டா பல்கலைக்கழகம். அதில் ஜொஸ்லின், மொனிக் லாமரூ என்று இரட்டைச் சகோதரிகள். முதலாம் ஆண்டில் மினசோட்டாவுக்கு ஆடிவிட்டு, பிறகு தங்கள் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர்கள். இருவருக்கும் அது கடைசிப் பருவம். தோற்றால் மாணவ வாழ்க்கையின் ஹொக்கி அன்றோடு சரி.

60 நிமிடமும் முடிய 2-2. மேலதிக நேரத்தில் முதலில் கோல் போடுபவருக்கே வெற்றி. முதல் 20 நிமிடம், கோல் இல்லை. இரண்டாவது 20 நிமிடம், அதிலும் இல்லை. கைதட்டிக் களைத்த சனம் வட்டு கோலை நெருங்கும்போது மட்டும் எழும்பியது. வந்த நேரம் ஒரு பக்கத்தையும் சாராமல் இருந்த நான் பச்சை உடைப் பிள்ளைகளுக்காக மனதுக்குள் நேர்ந்துகொண்டிருந்தேன். பெறாமகளிடம் சொல்லவில்லை. மூன்றாவது மேலதிக நேரத்தில் மினசோட்டா கோல் போட்டது. 3-2. ஒரு பக்கம் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூச்சல். மறுபக்கம் கம்பி முகமூடியைக் கழற்றாமலே குனிந்து நின்ற பிள்ளைகள்.

அடுத்த கிழமை அதே அரங்கில் மினசோட்டா பொஸ்டன் கல்லூரியை மேலதிக நேரத்தில் 3-2 என்றும், இறுதியில் பொஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-3 என்றும் வென்றது. 41 ஆட்டங்கள், 41 வெற்றிகள். நவம்பரில் அவர்களின் தொடர் வெற்றி 62 ஆட்டங்களோடு நின்றது. நிறுத்தியது வட டகோட்டா! செய்தி கேட்டு நான் சமையலறையில் தனியே சிரித்தேன்.

இந்த அரங்கும் அணிகளும் தானாக வந்தவை அல்ல. அரச நிதி பெறும் கல்வி நிலையங்கள் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 1972இல் வந்தது. அதற்குப் பிறகும் மினசோட்டாவில் பெண்கள் அணி தொடங்க 1997 ஆனது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கு ஐஸ் ஹொக்கிச் சுற்றுப்போட்டி நடத்தியது 2001இல்தான்.

வந்தது நிலைக்கும் என்பதும் இல்லை. 2017 மார்ச்சில் வட டகோட்டா பல்கலைக்கழகம், பணம் போதாதென்று பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியையே கலைத்துவிட்டது. நீச்சல் அணிகளும் போயின. பெறாமகள் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு நினைவு வந்தது அந்தக் குனிந்த தலைகள்தான். முன்னாள் வீராங்கனைகள் சிலர் 2018இல் வழக்குப் போட்டார்கள்.

அதே 2018 பெப்ரவரியில் தென்கொரியாவில் நடந்த ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்கப் பெண்கள் கனடாவை வென்று தங்கம் எடுத்தார்கள். 2-1 எனப் பின்தங்கியிருந்தபோது சமப்படுத்தியவர் மொனிக். கடைசியில் தனித்தனியாக அடித்துத் தீர்மானிக்கும் கட்டத்தில் வெற்றி கோலைப் போட்டவர் ஜொஸ்லின். அவர்கள் படித்த பல்கலைக்கழகத்தில் ஆண்கள் அணி மட்டும் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.